யூரர் ஆசனத்தில் அமர்ந்த குற்றவாளி

ஒருத்தியின் வாழ்வைக் கெடுத்தவன், ஆண்டுகள் பல கழிந்தபின், அவளுக்கே எதிரான வழக்கில் தீர்ப்புக் கூறும் யூரர்களுள் ஒருவனாய் அமர நேர்ந்தால் யாது நிகழும்? கைதிக் கூண்டில் நிற்பவள் இன்னாள் என்று அவன் அறிகின்றான். அவளை அந்நிலைக்கு ஆளாக்கியவன் தானே என்பதையும் அறிகின்றான். நீதிபதியோ சாட்சிகளோ வழக்குத் தொடுநரோ இதனை அறியார். அந்த மண்டபத்திலே உண்மைக் குற்றவாளி யார் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. இஃது ஒரு கதையாசிரியன் இரவில் விழித்திருந்து புனைந்த சூழ்ச்சியன்று. 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ருஷியாவின் தலைநகராயிருந்த பீட்டர்ஸ்பர்க் நகரிலே உண்மையாய் நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சி லியோ தோல்ஸ்தோயின் காதில் விழுந்து, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ‘புத்துயிர்ப்பு’ என்னும் பெருநாவலாய் வெளிவந்த வரலாற்றையும், அந்நாவல் தன்னைப் படித்தவர்களை என்ன செய்தது என்பதையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

அனத்தோலி கோனி என்பவர் ருஷியாவின் பெரும் சட்டவறிஞர். 1864ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பயனாக அந்நாட்டில் யூரர் முறை ஏற்பட்டபின் வளர்ந்த புதிய நீதித்துறையின் செல்வாக்கு மிக்க மனிதர். 1878ஆம் ஆண்டு வேரா சசூலிச் என்ற பெண்ணின் வழக்கு நடைபெற்றபோது நீதிபதியாயிருந்து, யூரர்கள் அவளை விடுதலை செய்ததனால் அரசாங்கத்தின் சினத்துக்கு ஆளானவர் இவரே. 1887ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவர் யாஸ்னயா பொல்யானா என்னும் ஊரிலிருந்த தோல்ஸ்தோயின் இல்லத்துக்கு விருந்தினராய்ச் சென்றார். அங்கே ஒருநாள் உரையாடலின்போது, தாம் வழக்குத் தொடுநராய்ப் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துரைத்தார்.

நாகரிக உடையணிந்த இளைஞன் ஒருவன் ஒருநாள் கோனியின் அலுவலகத்துக்கு வந்தான். சிறையிலிருக்கும் ரோசாலியா ஓனி என்ற பெண்ணுக்குத் தன் கடிதம் ஒன்றைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று கேட்டான். அவள் பொதுமகளிர் விடுதி ஒன்றில் இருந்தவள். மது மயக்கத்திலிருந்த ஒருவனிடம் நூறு ரூபிள் திருடினாள் என்று நான்கு மாதச் சிறை பெற்றவள். இவ்விளைஞன் அவளை மணந்துகொள்ள விரும்புவதாய்க் கூறினான். கோனி திகைத்தார், அவ்வெண்ணம் வேண்டாம் என்று தடுத்தும் பார்த்தார். பின்னரே முழு விவரமும் தெரியவந்தது. ரோசாலியா ஏழைக் குத்தகைக்காரன் ஒருவனின் மகள். தந்தை இறந்தபின் நிலவுடைமைச் சீமாட்டி ஒருத்தி அவளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தாள். அச்சீமாட்டியின் உறவினனாகிய இவ்விளைஞன் அங்கு வந்து தங்கிய காலத்தில் அவளைக் கெடுத்தான். கருவுற்றாள் என்று கண்டதும் சீமாட்டி அவளை வீட்டினின்றும் வெளியேற்றினாள். அதன்பின் அவள் படிப்படியாய்த் தாழ்ந்தாள். அவளுடைய திருட்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது யூரர்களுள் ஒருவனாய் அமர்ந்திருந்தான் அவன். பார்த்த அக்கணமே அவளை அடையாளங் கண்டுகொண்டான்.

திருமணத்துக்கு அவளும் இசைந்தாள். கிறித்தவர்களின் தவக்காலம் குறுக்கிட்டமையால் நாள் தள்ளிப் போடப்பட்டது. அதற்குள் சிறையில் பரவிய சன்னிக் காய்ச்சலால் அவள் மாண்டாள். அவன் செலுத்த முன்வந்த கடனைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லாமற் போயிற்று.

இக்கதையைக் கேட்ட தோல்ஸ்தோய் அன்றிரவு முழுவதும் அதனையே எண்ணியிருந்தார் என்பர். இதனை நீங்களே எழுதுங்கள் என்று முதலிற் கோனியைத் தூண்டினார். அவர் எழுதாதிருக்கவே, மறுவருடம் அப்பொருளைத் தமக்கு விட்டுத் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டார். எத்தனையோ கதைகளைக் கேட்ட அம்முதியவருக்கு இவ்வொரு கதை மட்டும் ஏன் முள்ளாய்த் தைத்தது? விடை அவருடைய வாழ்க்கையிலேயே கிடக்கின்றது. தம் வரலாற்றை எழுதிய பிரியுக்கோவ் என்ற நண்பரிடம், நீர் என்னைப்பற்றி நல்லனவே எழுதுகின்றீர், அது முறையன்று என்று கூறி, இளமையில் தாம் செய்த இரண்டு தீச்செயல்களை அவர் வெளியிட்டார். ஒன்று, திருமணத்துக்கு முன் தம் ஊரைச் சேர்ந்த குடியானவப் பெண் ஒருத்தியோடு கொண்டிருந்த தொடர்பு. அவளுக்குப் பிறந்த மகன் பிற்காலத்தில் தோல்ஸ்தோய் குடும்பத்துக்கே வண்டியோட்டியாய் உழைத்தான். மற்றது, தம் அத்தையின் வீட்டில் வேலைக்காரியாயிருந்த காஷா என்னும் பெண்ணைக் கெடுத்தமை. அவள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு அழிந்துபோனாள் என்பது அவர் சொன்னது.

ஆனால் அவருடைய மனைவியாகிய சோபியாவின் நாட்குறிப்போ வேறுவிதமாய்ச் சொல்லுகின்றது. அதன்படி காஷா அழியவில்லை. முதியவளாய்த் தோல்ஸ்தோயின் சகோதரி வீட்டில் வாழ்ந்திருந்தாள். இவ்விரண்டு கூற்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நாட்குறிப்பு மெய்யாயின், தோல்ஸ்தோய் தம்மைக் காப்பாற்றிக் கொள்வதற்காகப் பொய் சொன்னவர் அல்லர். தம்மை மேலும் கடுமையாய்த் தண்டிக்கும் பொருட்டு நினைவைத் திரித்துக்கொண்டவர். நாவலை எழுதி எழுதி, நாவலில் வரும் பெண்ணின் விதியே உண்மைப் பெண்ணின் விதியாய் அவருடைய உள்ளத்தில் ஏறிவிட்டது போலும். குற்றவுணர்ச்சியின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று.

1889ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதத் தொடங்கினார். தம் குடும்பத்தாரிடம் இதனைக் ‘கோனியின் கதை’ என்றே குறிப்பிட்டு வந்தார். எழுதுவார், நிறுத்துவார், ஆண்டுக்கணக்காய் ஒதுக்கி வைப்பார், மீண்டும் எடுப்பார். முதல் வரைவுகளில் நெஹ்லூதவ் என்னும் பிரபுவே கதையின் நடுவில் நின்றான். குற்றம் செய்கின்றான், வருந்துகின்றான், அவளை மணக்கின்றான், நல்லவனாகின்றான். 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தோல்ஸ்தோய்க்கு ஓர் உண்மை புலப்பட்டது. நாவல் ஏன் முன்னேறாமல் நிற்கின்றது என்பதைத் தாம் கண்டுகொண்டதாய் நாட்குறிப்பில் எழுதினார்: தொடக்கமே பிழை, கதை அவளிடமிருந்து தொடங்குதல் வேண்டும், குடியானவர் வாழ்வே உண்மைப் பொருள், மற்றது வெறும் நிழல். அன்றிலிருந்து கத்யூஷா மஸ்லோவா என்ற அப்பெண் முன்னே வந்தாள். நாம் இன்று படிக்கும் நூலின் தொடக்கத்தில், இளவேனிற் காலையொன்றில் சிறைக்காவலன் வந்து அவளுடைய அறைக் கதவைத் திறக்கின்றான். அவன் அழைப்பது பிரபுவை அன்று, அவளை.

இம்மாற்றத்தின் விளைவு நாவலின் முடிவையும் தொட்டது. நெஹ்லூதவ் அவளை மணக்கமாட்டான் என்று தீர்மானித்துவிட்டதை 1898ஆம் ஆண்டில் தோல்ஸ்தோய் மிக்க மகிழ்ச்சியோடு தம் மனைவியிடம் தெரிவித்தார் என்று அவ்வம்மையாரின் நாட்குறிப்புக் கூறுகின்றது. ஒன்பது ஆண்டுகளாய் அவரை இடறச் செய்த முட்டுக்கல் அத்திருமணமே.

இனி நாவலின் நீதிமன்றக் காட்சிக்கு வருவோம். யூரர் முறை நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் அறிமுகமானதாகையால் நேயர்கள் இக்காட்சியை எளிதில் மனக்கண்ணிற் காணலாம். சைபீரிய வணிகன் ஒருவனை நஞ்சூட்டிக் கொன்றதாய்க் கத்யூஷாமீது குற்றச்சாட்டு. அவள் கொடுத்தது நித்திரைத் தூள் என்றே எண்ணிக் கொடுத்தாள். கொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. யூரர்களும் இதனை நம்பினார்கள். ஆயினும் விடையை எழுதும்போது கொள்ளையிடும் நோக்கம் இல்லை என்று சேர்த்தவர்கள், உயிரைப் போக்கும் நோக்கம் இல்லை என்ற சொற்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். நீதிமன்றத் தலைவர் அதனை விளக்கியிருக்க வேண்டும். அவருக்கோ மாலையில் ஒரு பெண்ணைச் சந்திக்கும் அவசரம். யூரர்களுக்குக் களைப்பு. நெஹ்லூதவுக்கோ, தன் பழைய செயல் எங்கே வெளிப்பட்டுவிடுமோ என்ற நடுக்கத்தில் எதுவும் கண்ணிற் படவில்லை. கத்யூஷாவுக்கு நான்கு ஆண்டுக் கடுங்காவல், சைபீரியாவில்.

இவ்விடத்தை நான் நாவலின் உயிர்நிலை என்று கருதுகின்றேன். கொடியவர் யாரும் அங்கு இல்லை. அவளை வெறுத்தவர் ஒருவரும் இல்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் அலுத்துக்கொண்டார், ஒருவர் தம் மானத்தைப்பற்றி எண்ணினார். அவ்வளவிலேயே ஓர் உயிர் சைபீரியாவுக்குப் போயிற்று. இதனைப் படிக்கும் வாசகன் எங்கே இருக்கின்றான்? அவனும் அவ்வறையிலே பதின்மூன்றாவது யூரராய் உட்கார்ந்திருக்கின்றான். நானும் இப்பக்கங்களை முதன்முறை படித்தபோது யூரர்களின் விடையை வாசித்துவிட்டு, குறையொன்றையும் காணாமல் அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன். தண்டனை வாசிக்கப்பட்டபின்னரே திரும்பிப் பக்கத்தைப் புரட்டினேன். என்னைப்போலச் சென்றவர் பலர் இருக்கக்கூடும்.

தோல்ஸ்தோய் நெஹ்லூதவைத் தீயவனாய் வரையவில்லை. அவன் இளமையில் தூயவன். உயிர்த்த ஞாயிறு நள்ளிரவிலே கிராமத் திருக்கோயிலில் மெழுகுவர்த்திகளின் நடுவே நின்ற கத்யூஷாவை அன்போடு பார்த்தவன். பின்னர்ப் படையிற் சேர்ந்து, எல்லாரும் செய்வதைத் தானும் செய்யக் கற்றான். மூடுபனி படர்ந்த இரவிலே, ஆற்றிற் பனிக்கட்டிகள் உடைந்து முறியும் ஓசை கேட்டுக்கொண்டிருக்க, அவன் அக்கொடுமையைச் செய்தான். புறப்படும்போது ஒரு நூறு ரூபிள் தாளை அவளிடம் திணித்தான். பல மாதங்களின் பின், அவன் செல்லும் புகையிரதம் அவ்வழி வருகின்றதென்று அறிந்து, நிறைகருவோடு மழையிலும் காற்றிலும் நிலையத்துக்கு ஓடினாள் அவள். வெளிச்சம் நிறைந்த முதல் வகுப்புப் பெட்டியில் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான் அவன். அவள் கண்ணாடியைத் தட்டினாள். வண்டி நகர்ந்தது. அன்றிரவு அவளுடைய உள்ளத்திலிருந்து கடவுளும் நன்மையும் அகன்றுபோயினர். நெஹ்லூதவுக்கோ இவையாவும் தெரியாது. அவன் அறியாத இவ்விரவை வாசகன் அறிந்துகொள்ளுகின்றான். குற்றம் செய்தவனைவிட அக்குற்றத்தின் அளவை நன்கு அறிந்தவனாகிவிடுகின்றான்.

தமிழிலே கழிவிரக்கம் என்றொரு பழஞ்சொல் உண்டு. கழிந்துபோனதற்கு இரங்குதல் என்பது அதன் பொருள். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் பிழையை உணர்ந்த அக்கணத்திலேயே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான். அவனுடைய கழிவிரக்கத்துக்கு நாளைய பொழுது என்பது இல்லை. நெஹ்லூதவின் இடர் வேறு. அவன் நாளைக்கும் உயிரோடு இருக்கவேண்டும், காலையில் எழுந்து முகம் கழுவவேண்டும், வழக்கறிஞரைக் காணவேண்டும். இரக்கம் நாள்தோறும் நீடிக்கும்போது அதிற் கலப்படம் புகுந்துவிடுகின்றது. தன் குற்றத்தை எண்ணி அவன் அழும் இரவிலே, இத்துணை நல்லவனாய் நான் மாறிவிட்டேனே என்ற இன்பக் கண்ணீரும் அக்கண்ணீரோடு கலந்திருப்பதைத் தோல்ஸ்தோய் மறையாமற் சொல்லிவிடுகின்றார். அவன் சிறைக்குச் சென்று அவளிடம் மன்னிப்புக் கேட்கின்றான். அவளோ முறுவலித்து அவனிடம் பத்து ரூபிள் கேட்கின்றாள். மது வாங்குவதற்கு!

மறுமுறை அவன் மணம் செய்துகொள்ளும் எண்ணத்தை வெளியிட்டபோது அவள் சீறுகின்றாள். இவ்வுலகில் என்னை வைத்து இன்பம் தேடினாய், இப்போது மறுவுலகில் உன் ஈடேற்றத்துக்கும் என்னையே கருவியாக்கப் பார்க்கின்றாயோ என்பது அவளுடைய கேள்வியின் கருத்து. குற்றத்தைப் பற்றிய பெருநூல்கள் பல உலகில் உள்ளன. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ அவற்றுள் தலைசிறந்தது என்று பலர் கூறுவர். ஆனால் தீங்கு செய்யப்பட்டவள் எழுந்து நின்று, உன் மனவருத்தம் யாருக்காக என்று குற்றவாளியைக் கேட்கும் இவ்விடத்துக்கு ஈடான ஒன்றை நான் வேறெங்கும் கண்டிலேன். கோனி சொன்ன மெய்க்கதையில் ரோசாலியா இதனைக் கேட்கவில்லை. அவள் இசைந்தாள், இறந்தாள். அவள் கேட்காத கேள்வியைக் கேட்பதற்கே கத்யூஷா பிறந்தாள் என்று சொல்லத் தோன்றுகின்றது.

இந்நூல் முடிந்ததற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் மட்டுமன்று. கப்பற்கூலியும் ஒரு காரணம். காக்கேசியப் பகுதியில் துகோபார் என்ற கிறித்தவ உட்பிரிவினர் வாழ்ந்தனர். கொல்லுதல் ஆகாது என்பது அவர்களுடைய கொள்கை. 1895ஆம் ஆண்டு அவர்கள் தம் படைக்கலங்களையெல்லாம் குவித்துத் தீயிட்டு, இராணுவ சேவையை மறுத்தனர். அரசாங்கம் அவர்களை அடித்தும் நாடுகடத்தியும் வருத்தியது. இறுதியில் நாட்டைவிட்டு வெளியேற இசைவு கிடைத்தபோது அவர்களிடம் பணம் இல்லை. 1881ஆம் ஆண்டின் பின் எழுதிய நூல்களுக்கு உரிமைப்பணம் பெறுவதில்லை என்று 1891ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்த தோல்ஸ்தோய், இவர்கள் பொருட்டு அவ்விரதத்தைத் தளர்த்தினார். ‘நீவா’ என்ற வாரப்பத்திரிகையின் உரிமையாளரான மார்க்ஸ் என்பவரிடம் இந்நாவலை விற்று, 12,000 ரூபிள் முன்பணம் பெற்றார். பொதுவுடைமைத் தந்தையான மார்க்ஸ் வேறு, இவர் வேறு என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

துகோபார் மக்களில் ஏறக்குறைய 7,500 பேர் கனடாவுக்குக் குடியேறினர். 2,000க்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு பாட்டூம் துறைமுகத்தினின்றும் புறப்பட்ட முதற்கப்பல் 1899ஆம் ஆண்டு ஜனவரியிலே ஹலிபாக்ஸ் சேர்ந்தது. இரண்டாவது கப்பலில் தோல்ஸ்தோயின் மகன் செர்கேய் துணைசென்றார். நாவலின் முதற்பகுதி பத்திரிகையில் வெளிவந்தது அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில். ஆகவே வாசகன் ஒருவனின் உள்ளத்தையேனும் அசைப்பதற்கு முன்னரே இந்நாவலின் பணம் கடல்கடக்கத் தொடங்கியிருந்தது.

டிசம்பர்வரை தொடர்ந்து வெளிவந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஆசிரியர் பத்திரிகைக்காரரின் தந்திகளுக்கு அஞ்சி அஞ்சி எழுதினார். அச்சுப் படிகளையும் அடித்துத் திருத்தினார். மாஸ்கோவின் பூத்தீர்க்கிச் சிறையின் காவலர் ஒருவரை வரவழைத்துச் சிறை நடைமுறைகளைப்பற்றி நுணுகி நுணுகிக் கேட்டார். 1899ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிக் கூட்டத்தோடு அச்சிறையிலிருந்து புகையிரத நிலையம்வரை தாமும் நடந்தே சென்றார். சித்திரங்களை வரைந்தவர் லியோனிட் பஸ்தர்நாக். அவருடைய மகன் போரிஸ் அப்போது சிறுவன். பின்னாளில் நோபல் பரிசுக்குரியவரான கவிஞர். தங்கள் வீட்டுச் சமையலறையிலே பசை காய்ச்சி, சித்திரங்களைக் கட்டி, முத்திரையிட்டு, பீட்டர்ஸ்பர்க் செல்லும் வண்டியின் நடத்துநரிடம் அவசரமாய் ஒப்படைத்த காட்சியை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

தணிக்கையாளர் நூலைக் குதறினார்கள். சிறைக் கோயிலின் வழிபாட்டைச் சித்திரிக்கும் அத்தியாயங்கள் ருஷியப் பதிப்பில் இடம்பெறவில்லை. முழுவடிவம் இங்கிலாந்திலே, நாடுகடத்தப்பட்ட செர்த்கோவ் என்ற நண்பரால் அச்சிடப்பட்டது.

இனி வாசகர்களிடம் வருவோம். இந்நாவலின் தொடக்க வாசகர்களுள் ஒருத்தி சோபியா. கணவரின் கையெழுத்துப் படிகளைப் பெயர்த்தெழுதுவது அவருடைய நீண்டகால வழக்கம். 1898ஆம் ஆண்டிலே இதனைப் பெயர்த்தெழுதும்போது அவருக்கு அருவருப்பே மிஞ்சியது. எழுபது வயது மனிதர் ஒருவர், வேலைக்காரிப் பெண்ணைப் படையதிகாரி கெடுக்கும் காட்சியை இத்துணைச் சுவைத்து எழுதுவதா என்று நாட்குறிப்பிலே குமுறினார். அது யாருடைய கதை என்பது அவருக்குத் தெரியும். கணவரின் கழிவிரக்கத்தை உலகம் போற்றும். அதனை நாள்தோறும் நல்ல எழுத்தில் படியெடுக்க வேண்டிய மனைவியின் நிலையை எண்ணிப் பார்ப்பார் யார்? தோல்ஸ்தோயைப் போற்றுவோர் அவ்வம்மையாரைக் கடிந்துரைப்பது வழக்கம். அவருடைய சினத்திற் பொருள் இல்லை என்று என்னாற் கூறமுடியவில்லை.

இன்னொரு வாசகர் இங்கிலாந்தில் குளஸ்டர் நகரிலிருந்த ஜோன் பெல்லோஸ். குவேக்கர் சமயத்தினர், அச்சகம் நடத்தியவர், பையில் வைத்துச் செல்லத்தக்க பிரெஞ்சு அகராதியொன்றால் புகழ்பெற்றவர். துகோபார் மக்களுக்கு உதவிய குவேக்கர்களுள் ஒருவர். லூயிஸ் மோட் அம்மையார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வருவாயிலிருந்தும் அவ்வுதவி நிதிக்குப் பணம் வந்தது. பெல்லோஸ் நூலைப் படித்தார். கெடுக்கும் காட்சியிலே அவர் திடுக்குற்றார். இத்தகைய நூலால் வந்த பணம் நற்பணிக்கு ஆகாது என்று அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. தோல்ஸ்தோய்க்கும் தம் மனத்தாங்கலை எழுதினார்.

தோல்ஸ்தோய் 1901ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு விடையெழுதினார். அவ்விடையிற் சினம் இல்லை, ஏளனமும் இல்லை. இந்நூலை எழுதியபோது காமவேட்கையைத் தாம் முழுமனத்தோடு வெறுத்ததாகவும், அவ்வெறுப்பை வெளியிடுவதே நூலின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாயிருந்ததாகவும், அதில் தாம் தோற்றிருந்தால் அதற்காக வருந்துவதாகவும் பணிவோடு கூறினார். உலகமே வியந்த ஓர் ஆசிரியர், தமக்கு மாறான ஒரு வாசகருக்கு இவ்வாறு எழுதுவது அரிது. இதைப் படிக்குந்தோறும், அந்நாவல் மாற்றியமைத்த வாசகர்களுள் அதன் ஆசிரியரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று தோன்றுகின்றது.

திருச்சபையின் அதிகாரபீடமும் ஒரு வாசகரே. தோப்பரோவ் என்ற பாத்திரத்தில் தம் அதிபதியான பபேதனோஸ்த்செவின் சாயலை அது கண்டிராமல் இருந்திருக்க முடியாது. 1901ஆம் ஆண்டு பிப்ரவரியிலே தோல்ஸ்தோய் திருச்சபையினின்றும் விலகியவர் என்று அப்பீடம் வெளிப்படையாய் அறிவித்தது. நாவல் மட்டுமே அதற்குக் காரணமன்று. எனினும் வழிபாட்டை அவர் சித்திரித்த பகுதிகள் அவ்வறிவிப்பை விரைவுபடுத்தின என்பது பலர் கருத்து. நம்பிக்கையுடைய வாசகர் ஒருவர் அப்பகுதிகளைப் படித்து மனம் புண்படுதல் இயல்பே என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும்.

செக்கோவின் வாசிப்பு வேறு வகைத்து. மருத்துவரும் எழுத்தாளருமான அவர் 1890ஆம் ஆண்டிலேயே சக்காலின் தீவுக்குச் சென்று கைதிகளின் வாழ்வை நேரிற் கண்டவர். நோயுற்றிருந்த அவர் 1900ஆம் ஆண்டு ஜனவரியில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே தம் கருத்தைத் தெரிவித்தார். நூல் முழுவதையும் இடையறாது ஒரே மூச்சில் படித்து முடித்தாராம். சிற்றரசர், தளபதிகள், அத்தைமார், குடியானவர், கைதிகள், காவலர் ஆகிய அனைவரும் அவரைக் கவர்ந்தனர். நெஹ்லூதவுக்கும் கத்யூஷாவுக்கும் இடையிலுள்ள உறவே மிகக் குறைவாய்க் கவர்ந்தது. முடிவைப் பற்றியோ, இதற்கு முடிவே இல்லை என்றார். எழுதி எழுதி வந்து, இறுதியில் எல்லாவற்றையும் விவிலிய வசனத்தின்மீது சார்த்திவிடுவது தீர்வாகாது என்பது அவருடைய குறை. செக்கோவின் குறையை நான் ஏற்கின்றேன். ஆயினும் அவரைக் கவராத அவ்வுறவு இல்லையெனில், ஏனையோரைக் காணும் கண் நெஹ்லூதவுக்குக் கிடைத்திராது. ஒருத்திக்குச் செய்த தீங்கை உணர்ந்தபின்னரே சிறையிலுள்ள மற்றோர் அவனுக்கு மனிதராய்த் தென்படத் தொடங்குகின்றனர்: கடவுச்சீட்டின் தவணை கடந்தமைக்காக அடைக்கப்பட்ட கல்தச்சர், செய்யாத தீவைப்புக்காக மறியலிலிருக்கும் தாயும் மகனும், வெயிலில் நடந்து வீதியிலேயே வீழ்ந்து மாயும் கைதி. தன் நிலங்களிலே வாழும் குடியானவரின் பசியையும் அப்போதுதான் காண்கின்றான்.

அரங்கங்கள் இந்நூலை என்ன செய்தன என்பது சிறிது வருத்தந் தரும் வரலாறு. பாரிசிலே ஆன்றி பத்தாய் 1902ஆம் ஆண்டு இதனை நாடகமாக்கினார். இத்தாலியிலே பிராங்கோ அல்பானோ 1904ஆம் ஆண்டு இசைநாடகமாக்கினார். யப்பானிலே 1914ஆம் ஆண்டு ஷிமமுரா ஹோகெத்சுவின் நாடகக் குழு இதனை மேடையேற்றியது. மத்சுயி சுமாகோ என்ற நடிகை கத்யூஷாவாய்த் தோன்றிப் பாடிய பாட்டு அந்நாடெங்கும் பரவிற்று. ருஷியாவின் சிறைகளைப்பற்றி யாதும் அறியாதாரும் அதனைப் பாடித் திரிந்தனர். அரங்கிலே பெரிதும் எஞ்சியவர் பிரிந்த காதலரே. நீதிமன்றத் தலைவரின் கடிகாரமும், யூரர்களின் மறதியும், கல்தச்சரின் கடவுச்சீட்டும் பின்னணிக்குப் போயின. பாட்டைக் கேட்டுக் கண்ணீர் சிந்திய கூட்டத்தில் யாரும் தம்மை யூரர் ஆசனத்திற் கண்டிருப்பர் என்று நான் நினைக்கவில்லை. கண்ணீர் மலிவானது என்பதைத் தோல்ஸ்தோய் நெஹ்லூதவின் வாயிலாகவே காட்டியிருந்தார்.

அப்படியாயின் நூலாய்ப் படிப்போரிடம் இது என்ன மாற்றத்தைச் செய்கின்றது? படித்தவர் யாவரும் தம் நிலத்தைப் பகிர்ந்தளித்துச் சைபீரியாவுக்குப் புறப்பட்டனர் என்று யாரும் சொல்லவில்லை. மாற்றம் சிறியது, ஆனால் திரும்ப அழிக்க இயலாதது. மாஸ்கோவிலிருந்து தமிழிலும் வெளிவந்த இந்நூலைப் படித்த ஒருவர், பின்னொரு நாள் ஏதேனும் அலுவலகத்தில் அமர்ந்து பிறருடைய விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது, மாலை வண்டிக்கு நேரமாயிற்றே என்று கடிகாரத்தைப் பார்ப்பாராயின், அந்நீதிமன்றத் தலைவர் அவர் நினைவில் வந்து நிற்பார். மன்னிப்புக் கேட்கப் போகும் ஒருவர், யார் பொருட்டுப் போகின்றேன் என்று வாயிற்படியில் ஒரு கணம் தயங்குவார். கத்யூஷாவின் கேள்வி அவ்வளவே செய்கின்றது.

நாவலின் இறுதியில் அரசரின் கருணையால் அவளுடைய தண்டனை குறைக்கப்படுகின்றது. நெஹ்லூதவ் மீண்டும் தன் கையை நீட்டுகின்றான். அவள் மறுத்து, சீமோன்சன் என்ற அரசியற் கைதியோடு செல்லுகின்றாள். அவனை அவள் வெறுக்கவில்லை. அவனுடைய வாழ்வு தன்னாற் கெடவேண்டாம் என்று அவனை விடுவிக்கின்றாள் என்பதும் அவ்விடத்திலே குறிப்பாய் உணர்த்தப்படுகின்றது. அவன் தன் அறையில் தனியே இருந்து விவிலியத்தைத் திறக்கின்றான். அங்கே கதை நின்றுவிடுகின்றது.

அது நின்ற இடம் தோல்ஸ்தோய்க்கும் நிறைவளிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். 1904ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எழுபத்தைந்து வயதில், நெஹ்லூதவின் இரண்டாம் பாகத்தை எழுதவேண்டும் என்ற ஆவல் மிகுவதாய் நாட்குறிப்பில் எழுதினார். அதிற் கூறவேண்டியன இவை என்றும் குறித்தார்: அவனுடைய உழைப்பு, அதனால் வரும் களைப்பு, மீண்டும் தலைதூக்கும் பிரபுத்தனம், பெண்ணாசை, வீழ்ச்சி. திருந்தியவன் மறுபடியும் இடறுவான் என்பதை அம்முதியவர் அறிந்திருந்தார். அதன்பின் ஆறு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தும் அவ்விரண்டாம் பாகத்தை அவர் எழுதவில்லை.